கொள்ளிடக் கரையில் சில பெயர்கள்

ஏலாக்குறிச்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களை உத்தேசித்துப் போகிறார்கள். அடைக்கல மாதாவுக்குச் செய்துகொண்ட வேண்டுதலைச் செலுத்துவது ஒன்று. வீரமாமுனிவர் வாழ்ந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவது மற்றொன்று. நான் இரண்டாவது காரியத்துக்காகத்தான் அரியலூரிலிருந்து பஸ் ஏறினேன். சிமெண்டு லாரிகளின் தூசியும் முந்திரித் தோப்புகளும் பின்னால் போய், கொள்ளிடத்து ஈரக்காற்று முகத்தில் பட ஆரம்பிக்கும் இடத்தில் ஊர் வந்துவிடுகிறது. ஆனால் திரும்பி வரும்போது என் மனத்தில் நிறைந்திருந்தவர் முனிவரல்ல. ஒரு கிழவனார்.

கோயிலுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. சலவை வேட்டி, புதுத் துண்டு, முகத்தில் மட்டும் விசேஷக் களை இல்லை. கோயிலுக்குள்ளே அவருடைய பேரனுக்கு அப்போதுதான் ஞானஸ்நானம் முடிந்து, வீட்டார் குழந்தையை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள் போகவில்லையா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்றவர், சற்றுப் பொறுத்து, "எங்க வழக்கத்துலே மூத்த பேரனுக்குத் தாத்தா பேரு தம்பி. எங்க தாத்தா பேரு எனக்கு. என் பேரு இவனுக்கு வரணும். வைக்கலே. ஸ்டீபன்னு வெச்சுட்டாங்க" என்றார்.

பெரியவர் புனித முடியப்பரின் பெயரைத் தாங்கியவர். அந்தப் பெயரை வைத்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பது மருமகளின் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வாத்தியார், "முடியப்பா, உன்னால் முடியுமாப்பா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்ததை அவரே சொன்னார். இப்போது தலை வழுக்கையான பிறகு கேலி இன்னொரு விதமாகத் தொடர்கிறதாம். மகனும் மருமகளும் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு சின்னப் புஸ்தகம் வாங்கி, அதைப் பார்த்துப் பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தப் புஸ்தகம் கிழவரின் மஞ்சள் பையிலேயே இருந்தது. கண்ணாடி கொண்டு வராததால் அவரால் படிக்க முடியவில்லை. என்னிடம் நீட்டினார். ஆண் குழந்தைகளுக்கான ஆங்கிலப் பெயர்கள், அகர வரிசையில், அர்த்தத்துடன்.

புரட்டிப் பார்த்தேன். 'ஸ்டீபன்' என்ற இடத்துக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு விதமான சிலிர்ப்பும் வந்தது. "இருங்கள் பெரியவரே, இதிலே ஒரு விஷயம் இருக்கிறது" என்று ஆரம்பித்தேன். அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதை வாசகர்களுக்குக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் புஸ்தகத்தின் தலைப்பைப் பற்றி. ஆங்கிலப் பெயர்கள் என்று போட்டிருக்கிறதே தவிர, உள்ளே இருப்பவற்றில் ஆங்கிலேயருக்கே உரிய பெயர்கள் மிகக் குறைவு. ஜான், ஜோசப், சாமுவேல், டேனியல் எல்லாம் எபிரேய பாஷை. பீட்டர், ஆண்ட்ரூ, ஜார்ஜ், பிலிப் கிரேக்கம். பால், லியோ, பெனடிக்ட் லத்தீன். கெவின் அயர்லாந்துக்காரர்களின் சொத்து. வில்லியம், ஹென்றி, ராபர்ட், ரிச்சர்டு ஆகியவை ஜெர்மானியப் பெயர்கள்; பிரான்சின் நார்மண்டியிலிருந்து 1066-இல் படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் ராஜாவோடும் அவருடைய பரிவாரத்தோடும் பெரும்பாலும் வந்து இறங்கியவை. அதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் எட்வர்டு, எட்மண்டு, எட்வின், ஆல்பிரட் என்ற ரகத்தில்தான் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். எட்வர்டு என்றால் செல்வத்தைக் காப்பவன். ஆல்பிரட் என்றால் குட்டித் தேவதைகளின் யோசனையைப் பெற்றவன்! நம் ஊரில் குட்டிச்சாத்தானின் யோசனையைக் கேட்டு நடப்பவன் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தால் ஊர் என்ன சொல்லும்?

வெற்றி பெற்றவர்களின் பெயர்தானே மரியாதையான பெயர்? நாலைந்து தலைமுறைக்குள் இங்கிலாந்தின் உழவன் வீட்டில்கூட வில்லியமும் ராபர்ட்டும் பிறந்துவிட்டார்கள். பாட்டன் பெயர்கள் ஒன்றிரண்டு தவிர மற்றவை மண்ணோடு போயின. ஆகவே அந்த மருமகளை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷங்களுக்கு முன்னால் இங்கிலாந்தின் மருமகள்களும் இதையேதான் செய்தார்கள்.

இந்தப் பெயர்களைத் தாங்கிய வெள்ளைக்காரர்களுக்கு அவற்றின் அர்த்தம் தெரியுமா என்றால், பெரும்பாலோருக்குத் தெரியாது. ஜார்ஜ் என்பதன் பொருள் மண்ணை உழுகிறவன். ராஜாக்கள் ஆறு பேர் அந்தப் பெயரோடு சிம்மாசனத்தில் இருந்திருக்கிறார்கள். ஏர் பிடித்தவர் ஒருவரும் இல்லை. ஹென்றி என்றால் வீட்டுக்கு அரசன். 1850-களின் இறுதியில் ஹென்றி பிளான்போர்டு என்ற இளைஞர் இந்த அரியலூர்ப் பக்கத்துக்குப் பாறைகளை ஆராய வந்தார். வீட்டுக்கு அரசர் வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வெயிலில் அலைந்துகொண்டிருந்தார். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சியான கிளிஞ்சல்களும் நத்தைகளும் கல்லாய்க் கிடக்கும் படிவங்களுக்கு 'அரியலூர்' என்றே பெயர் நிலைத்து, உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரப் புஸ்தகங்களில் ஏறிவிட்டது. அவர்கள் நம் ஊர்ப் பெயரைக் கல்லுக்கு வைத்தார்கள். நாம் அவர்கள் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறோம். கணக்கு நேராகிவிட்டது என்றே சொல்லலாம்.

ராபர்ட் என்பதற்குப் புகழால் ஒளிர்பவன் என்று பொருள். 'புகழொளி' என்று அப்படியே தமிழாக்கலாம். தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் இரண்டு ராபர்ட்டுகள் முக்கியமானவர்கள். ஒருவர் ராபர்ட் கிளைவ். 1751-இல் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிப் பக்கம் பிரெஞ்சுப் படையோடு மோதித் தோற்றுப் பின்வாங்கிய ஆங்கிலேயப் படையோடு அவரும் வந்திருந்தார். அதே வருஷம் ஆற்காட்டைப் பிடித்துப் பெயருக்கேற்ற புகழைத் தேடிக்கொண்டார். மற்றவர் அவருக்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் முந்தியவர். இத்தாலியப் பிரபு குடும்பத்தில் பிறந்த ராபர்ட் டி நொபிலி. நம் கதைக்கு வேண்டியவர் இவர்தான்.

நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தபோது நிலைமை என்ன? கடற்கரையில் 1530-களிலேயே முத்துக்குளிக்கும் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் கிறிஸ்துவர்களாகியிருந்தார்கள். அவர்களுக்கு ஞானஸ்நானத்தோடு போர்த்துக்கீசியப் பெயர்களும் வந்து சேர்ந்தன. இன்றும் தூத்துக்குடிப் பக்கம் பர்னாந்து என்ற பெயரைக் கேட்கலாம். உள்நாட்டிலோ, இது பரங்கி மதம், இதில் சேர்ந்தால் பரங்கியாகிவிடுவோம் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. ஒரு மனிதனை வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்ததுமே அவன் பரங்கியாகிவிட்டான் என்று தெரிந்துபோகுமானால், அவன் எப்படி அந்த ஊரில் வாழ்வான்? நொபிலி காவி கட்டினார், சைவ உணவு உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார், தத்துவ போதகர் என்று பெயர் பூண்டார். அந்த மதுரை மிஷன் வழியில் வந்த கிறிஸ்துவர்களிடையேதான் பெயரின் ஓசையை விட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளும் ஓர் அபூர்வ வழக்கம் செழித்து வளர்ந்தது.

அந்தப் பட்டியலைச் சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். பால் என்பது லத்தீனில் 'சிறியவன்'. ஆகவே சின்னப்பர். ஜான் என்பதற்குக் கடவுள் அருளினார் என்று எபிரேயத்தில் பொருள். ஆகவே அருளப்பர். ஆண்ட்ரூ என்றால் ஆண்மையும் பலமும் உடையவன். பெலவேந்திரர். லியோ, சிங்கம். சிங்கராயர். பெனடிக்ட், ஆசீர்வதிக்கப்பட்டவன். ஆசீர்வாதம். டொமினிக், ஆண்டவனுக்கு உரியவன். அவரைச் சாமிநாதர் ஆக்கினார்கள். ஓரியூரில் 1693-இல் வெட்டுண்டு மாண்ட போர்த்துக்கீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ, மறவர் சீமையில் அருளானந்தர். லாசரஸ் என்ற பெயருக்குக் கடவுள் துணை என்று பொருள். 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை அந்தப் பெயரை ஏற்றபோது தேவசகாயம் பிள்ளை ஆனார். ரோமாபுரியில் 2022-இல் அவர் புனிதர் என்று அறிவிக்கப்பட்டபோது உலகம் முழுவதும் உச்சரித்தது அந்தத் தமிழ்நாட்டுப் பெயரைத்தான்.

ராயப்பர் விஷயம் இன்னும் ருசிகரமானது. பீட்டர் என்றால் கிரேக்கத்தில் பாறை. தமிழில் 'ராயப்பன்' என்று கேட்டால் ராஜா, ராயர் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் தெலுங்கில் 'ராயி' என்றால் கல். மதுரையில் அப்போது ஆட்சி செய்த நாயக்கர்களுக்கு வீட்டு பாஷை தெலுங்கு. ராயப்பருக்குள் இருப்பது அந்தக் கல்தான் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. தெலுங்குக் கத்தோலிக்கர்களுக்கும் பீட்டர் ராயப்பாதான்.

வேத புஸ்தகத்துப் பெயரை இப்படி மொழிபெயர்க்கலாமா, அபசாரமில்லையா என்று சிலர் நினைக்கலாம். பீட்டரின் கதையே இதற்குப் பதில். அந்த மீனவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் சீமோன். இயேசுநாதர் அவரைக் கேபா என்று அழைத்தார். அரமேய பாஷையில் பாறை என்று அர்த்தம். சுவிசேஷத்தைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள் அந்தப் பெயரின் ஓசையோடு நிற்காமல், பொருளைப் பிடித்துப் பெத்ரோஸ் என்று பெயர்த்தார்கள். ஆங்கிலேயரின் பீட்டரும் அந்தப் பெயர்ப்பின் வழியில் வந்ததுதான். பாறையைக் கிரேக்கக் கல்லாக்கலாமென்றால் தெலுங்குக் கல்லாக்கக் கூடாதா?

ஜானின் கதையிலும் பெயர்ச் சண்டை உண்டு. வயோதிக காலத்தில் பிள்ளை பிறந்தபோது உறவுக்காரர்கள் கூடித் தகப்பன் பெயரான சக்கரியாவையே வைக்க வேண்டும் என்றார்கள். தாய் எலிசபெத், ஜான் என்றாள். உங்கள் வம்சத்திலேயே இந்தப் பெயர் இல்லையே என்று உறவினர் ஆட்சேபித்தார்கள். பேச்சிழந்திருந்த தகப்பன் ஒரு பலகையை வாங்கி அந்தப் பெயரை எழுதிக் காட்டினான். உடனே பேச்சு வந்தது என்கிறது லூக்கா எழுதிய சுவிசேஷம். டீக்கடைப் பெஞ்சில் நான் கேட்ட வழக்கு இரண்டாயிரம் வருஷத்துப் பழைய வழக்கு என்பது இதிலிருந்து தெரியும்.

இனி ஏலாக்குறிச்சிக்கே வரலாம். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680-இல் இத்தாலியில் பிறந்தார்; 1710-இல் இந்தியாவுக்கு வந்தார். கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள இந்த ஊரில் மாதா கோயிலைக் கட்டி, ஊருக்கே திருக்காவலூர் என்று பெயர் சூட்டிக் கலம்பகம் பாடினார். அரியலூர் மழவராயரின் கட்டியைப் பெஸ்கி குணப்படுத்தியதால் மழவராயர் கோயிலுக்கு நிலம் விட்டார் என்று இங்கே சொல்கிறார்கள்.

பெஸ்கி பெயர்களோடு விளையாடியவர் அல்ல. பெயர்களோடு மல்லுக்கு நின்றவர். தேம்பாவணி 1726-இல் முடிந்தது, 3,615 பாட்டுகள். அதன் நாயகர் ஜோசப். போர்த்துக்கீசிய ஓசையிலிருந்து பிறந்த 'சூசை' என்ற பெயர் ஜனங்களிடம் அப்போதே வழங்கியது. பெஸ்கிக்கு அது மட்டும் போதவில்லை. ஜோசப் என்ற எபிரேயப் பெயருக்குப் பொருள் 'கூட்டித் தருவான்' என்பது. ராகேல் என்ற தாய், இன்னொரு பிள்ளையையும் கடவுள் கூட்டித் தரட்டும் என்று வேண்டி வைத்த பெயர். பெருகுவது எதுவோ அது வளம். ஆகவே 'வளன்' என்றார். மூன்றே எழுத்து. கம்பனைக் கற்றவன் காதுக்கும் உறுத்தாது. ஜானை அவர் அருளப்பர் என்றுகூட விடவில்லை, 'கருணையன்' ஆக்கினார். திருச்சிராப்பள்ளியில் ஜோசப் கல்லூரியைத் தூய வளனார் கல்லூரி என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு இந்தக் காவியம்தான் தாய்வீடு.

அவருடைய சொந்தப் பெயர் அடைந்த மாறுதல்தான் எல்லாவற்றிலும் விசேஷம். கான்ஸ்டன்டைன் என்பது லத்தீனில் நிலைகுலையாதவன், உறுதியுள்ளவன். அதைத் தைரியநாதர் என்று ஆக்கிக்கொண்டார். வடமொழியில் 'தைரியம்' என்பதற்கு உறுதி, கலங்காமை என்பதே மூலப் பொருள். ஆகவே மொழிபெயர்ப்பு அட்சர சுத்தம். ஆனால் தமிழன் வாயில் தைரியம் என்பது அஞ்சாமை, துணிச்சல் ஆகிவிட்டது. அந்தத் துணிச்சலிலிருந்து வீரம், வீரத்திலிருந்து வீரமாமுனிவர். லத்தீன் உறுதி இப்படி இரண்டு படி ஏறித் தமிழ் வீரமானது. அந்த இரண்டாவது படி நம்முடைய காதின் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதே காலத்தில் தரங்கம்பாடியில் வேறொரு கட்சி வேலை செய்துகொண்டிருந்தது. ஜெர்மானிய லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு 1714-15-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பிராட்டஸ்டண்ட் வேதாகமங்களில் பேதுரு, யோவான், பவுல், ஸ்தேவான் என்று ஓசையே நிலைத்தது. பெஸ்கிக்கும் தரங்கம்பாடிக்காரர்களுக்கும் கடும் வாதப்போர்; கண்டனப் புஸ்தகங்கள்கூட உண்டு. மத விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் விவகாரத்தில் மட்டும் என் ஓட்டு ஏலாக்குறிச்சிக்குத்தான். ஓசைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: சின்னப்பர் என்று படித்தவன் வேறு தேசத்துக்குப் போய்ப் பால் என்ற பெயரைக் கேட்டால், இருவரும் ஒருவரே என்று எப்படி அறிவான்?

எல்லாப் பெயரும் மொழிபெயர்ப்புக்கு வசப்படவில்லை. தோமா என்றால் இரட்டையன். அவரை அப்படியே தோமையார் என்று விட்டுவிட்டார்கள். பிரான்சிஸ் சவேரியாரின் 'சவேரி' ஊர்ப் பெயர். ஸ்பெயின் தேசத்து வடக்கே பாஸ்க் மக்களின் பாஷையில் 'புது வீடு' என்று அர்த்தம். தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளையின் தகப்பனார் சவரிமுத்துப் பிள்ளை. 'புதுவீட்டு முத்து' என்று அவரை யாராவது அழைத்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

இந்தப் பெயர்களின் பெரிய வெற்றி, வேலி தாண்டி நின்றதுதான். சாண்டோ சின்னப்பா தேவர் பரம முருக பக்தர்; அவர் பெயரும் சின்னப்பர் பெயரும் ஒன்றே. சிறு வயதில் அரியலூரில் இருந்து சடகோபையங்காரிடம் தமிழ் படித்த பிள்ளை பிற்காலத்தில் மகாமகோபாத்தியாய சாமிநாதையர். கொள்ளிடக் கரையில் டொமினிக் என்ற புனிதருக்காகச் சாமிநாதன் என்று பெயர் பெற்றவனும் அவரும் பெயரளவில் ஒருவரே. பெயரைக் கேட்டதும் ஒருவனுடைய மதம் தெரிவதும் தெரியாமல் இருப்பதும் நம் நாட்டில் வெறும் இலக்கண விஷயம் அல்ல. தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கான 1950-ஆம் வருஷத்து உத்தரவில் பிற்பாடு சீக்கியரையும் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்துவர்களைச் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதும்போது தகப்பன் ஒரு நிமிஷம் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியில் ஓசைதான் ஜெயித்தது. கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ராயப்பர் பேதுரு ஆனார், அருளப்பர் யோவான் ஆனார், சின்னப்பர் பவுல் ஆனார். ஒற்றுமைக்காகச் செய்த காரியம். குறை சொல்வது அழகல்ல. ஆனால் கோயிலில் வாசிக்கக் கேட்டு ஞாபகத்தில் தங்கிய பெயர்கள் அங்கே ஒலிக்காமல் போனதும், வீட்டிலும் அவை பழசாகிவிட்டன. ஊர்த் திருவிழாவிலும் கல்லறைச் சிலுவையிலும் இருக்கின்றன. தொட்டிலுக்கு வருவது ஜான், பால், ஸ்டீபன். தாத்தா அருளப்பனாகவும் பேரன் ஜானாகவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே பெயர் என்பது இருவருக்குமே தெரியாது. பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்று அர்த்தம்.

டீ ஆறிப்போயிருந்தது. "ஸ்டீபன் என்றால் கிரேக்க பாஷையில் கிரீடம், பெரியவரே. தலையில் சூட்டுகிற முடி. பழைய பாதிரியார்கள் அதைத்தான் முடியப்பர் என்று தமிழில் வைத்தார்கள். இதோ, இந்தப் புஸ்தகத்திலேயே போட்டிருக்கிறது" என்று விரலை வைத்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியவில்லை. ஆனாலும் என் விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடின்னா மயிரு இல்லையா?"

"இல்லை. ராஜா வைத்துக்கொள்கிற முடி."

"அப்போ அவனுக்கு வெச்சிருக்கிறது எம் பேருதானா?"

"உங்கள் பெயர்தான். உங்கள் தாத்தா பெயரும்."

கோயில் வாசலிலிருந்து ஒரு பெண்குரல் "மாமா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டது. கிழவனார் புஸ்தகத்தை வாங்கி மஞ்சள் பையில் வைத்து, பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"தம்பி, இதை எம் மருமக கிட்டே சொல்லிடாதீங்க. கிரீடம்னு இருக்கட்டும். எம் பேருன்னு தெரிஞ்சா மாத்தினாலும் மாத்திடுவா."